முன்கூட்டிய பருவமடைதலுக்கான ஹார்மோன் ஊசி: சிகிச்சைக் காலத்தில் எதை, எப்போது, எப்படிக் கவனிப்பது

பெண் குழந்தைக்கு 8 வயது நிறைவதற்கு முன் மார்பு வளரத் தொடங்கினாலோ, ஆண் குழந்தைக்கு 9 வயது நிறைவதற்கு முன் விதைகள் பெரிதாகத் தொடங்கினாலோ அதை முன்கூட்டிய பருவமடைதல் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். இதில் பல வகைகள் உண்டு. மூளையிலுள்ள ஹைபோதலாமஸும் பிட்யூட்டரி சுரப்பியும் உரிய வயதுக்கு முன்பே விழித்துக்கொள்வதால் வருவது ஒரு வகை. அட்ரினல் சுரப்பி, சினைப்பை, விதை ஆகியவற்றில் ஏற்படும் கோளாறால் ஹார்மோன் தானாகச் சுரப்பது வேறு வகை. இங்கே பேசப்படும் ஜி.என்.ஆர்.எச். அனலாக் ஊசி (பருவமடைதலைத் தொடங்கிவைக்கும் மூளை ஹார்மோனைப் போலச் செய்யப்பட்ட மருந்து) முதல் வகைக்கு மட்டுமே பயன்படும். உங்கள் குழந்தைக்கு எந்த வகை என்பது மருத்துவக் குறிப்பில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

லூப்ரோலைடு, டிரிப்டோரெலின் என்ற பெயர்களில் இந்த மருந்துகள் கிடைக்கின்றன. இவ்வகை மருந்தை இந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த முதல் ஆய்வறிக்கைகள் 1981-இல் வெளிவந்தன. ஆகவே நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் இதன் பின்னால் இருக்கிறது. ஹைபோதலாமஸிலிருந்து ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன் விட்டுவிட்டுத் துடிப்பாக வரும்போதுதான் பிட்யூட்டரி அதற்குப் பதிலளித்து, சினைப்பையையும் விதையையும் இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன்களைச் சுரக்கும். வாசல் மணியை ஒருவர் கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் வீட்டிலுள்ளவர்கள் சிறிது நேரத்தில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவதைப் போல, ஊசி மருந்து இடைவிடாமல் தூண்டிக்கொண்டே இருப்பதால் பிட்யூட்டரி சில வாரங்களில் ஓய்ந்துவிடுகிறது. அந்த ஓய்வு தொடர்ந்து நீடிக்கிறதா என்பதுதான் கண்காணிப்பின் ஒரே கேள்வி. அதற்கு விடை சொல்லும் தகவல்களில் பாதி மருத்துவமனையிலும் மீதி வீட்டிலும் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர், இடையில் என்ன நடந்தது என்பதை உங்கள் குறிப்பேட்டிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

முதல் ஊசிக்கு முன்

தொடக்கநிலை தெரியாவிட்டால் பின்னால் எடுக்கும் எந்த அளவுக்கும் பொருள் இருக்காது. முதல் ஊசிக்கு முன்பே உயரம், எடை, பருவ வளர்ச்சியின் நிலை, இடது கை மணிக்கட்டின் எக்ஸ்ரேயில் கணித்த எலும்பு வயது (எலும்பு எந்த வயதுக்குரிய அளவில் முதிர்ந்திருக்கிறது என்பது), எல்.எச். அளவு, பெண் குழந்தையானால் பெண் ஹார்மோனான எஸ்ட்ரடயாலும் கருப்பை, சினைப்பை ஸ்கேனும், ஆண் குழந்தையானால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் விதையின் கொள்ளளவும் பதிவாகியிருக்க வேண்டும். விதையின் கொள்ளளவை மணிமாலை போன்ற ஒரு கருவியோடு ஒப்பிட்டு மருத்துவர் அளப்பார்; 4 மி.லி. அல்லது அதற்கு மேல் இருந்தால் பருவமடைதல் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆண் குழந்தைகள் அனைவருக்கும், 6 வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளுக்கும் மூளை எம்.ஆர்.ஐ. எடுப்பது வழக்கம்; ஏனெனில் இவர்களிடம் மூளையில் ஒரு காரணம் கண்டறியப்படும் வாய்ப்பு அதிகம்.

பெற்றோர் இருவரின் உயரத்தையும் அன்றே அளந்து எழுதச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொல்லப்படும் உயரம், குறிப்பாகத் தந்தையர் சொல்வது, பெரும்பாலும் இரண்டு மூன்று செ.மீ. கூடுதலாகவே இருக்கும். இருவர் உயரத்தையும் கூட்டி, பெண் குழந்தையானால் 13-ஐக் கழித்து, ஆண் குழந்தையானால் 13-ஐச் சேர்த்து, இரண்டால் வகுத்தால் குடும்ப மரபுப்படி எதிர்பார்க்கத்தக்க உயரம் கிடைக்கும். தந்தை 168, தாய் 154 செ.மீ. என்றால் மகளுக்கு அது 154.5 செ.மீ. சிகிச்சையின் பலனைப் பின்னால் இந்த எண்ணோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

ஊசியின் தேதி

இந்தச் சிகிச்சை தவறிப்போகும் இடங்களில் மிகச் சாதாரணமானது மருந்தின் குறை அன்று, தேதியின் குறை. மாத ஊசி என்று பேச்சில் சொன்னாலும் அது 28 நாள் ஊசி. சென்ற மாதம் 5-ஆம் தேதி போட்டோம், இந்த மாதமும் 5-ஆம் தேதி போடலாம் என்று கணக்கிட்டால் 31 நாள் மாதங்களில் மூன்று நாள் பிந்திவிடும். தேதியை மறந்து கிழமையைப் பிடித்துக்கொள்வது எளிய வழி: முதல் ஊசி செவ்வாய்க்கிழமை போடப்பட்டால், நான்கு வாரம் கழித்து வரும் ஒவ்வொரு செவ்வாயும் ஊசி நாள். இப்படிக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 12 அல்ல, 13 ஊசிகள் வரும். மருந்துச் செலவைத் திட்டமிடும்போது அந்தப் பதின்மூன்றாவது ஊசியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 11.25 மி.கி. போன்ற மூன்று மாத ஊசிகளுக்கு 12 வாரம் என்று கணக்கிடும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் அதையும் இவ்வாறே கிழமையில் பிடிக்கலாம். ஓரிரு நாள் பிந்துவதால் எல்லாம் குலைந்துவிடாது. ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் பிந்தினால் அடக்கப்பட்ட சுரப்பி மீண்டும் தலைதூக்க இடமுண்டு என்பதால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொங்கல் விடுமுறையும் முழுப் பரீட்சையும் எந்த வாரத்தில் வருகின்றன என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் பார்த்து, ஊசியைப் பின்தள்ளாமல் இரண்டு நாள் முன்தள்ள முடியுமா என்று கேட்டுவையுங்கள்.

ஒவ்வொரு ஊசிக்கும் குறிப்பேட்டில் ஒரு வரி: தேதி, மருந்தின் பெயர், மி.கி. அளவு, பெட்டியிலுள்ள தொகுப்பு எண், எந்தத் தொடை அல்லது எந்தப் பக்கப் புட்டம், அன்றைய எடை. மருந்தை வீட்டில் வாங்கிவைத்து அருகிலுள்ள மருத்துவமனையில் போட்டுக்கொள்பவர்கள் பெட்டியில் அச்சிட்டுள்ள சேமிப்பு வெப்பநிலையைப் படித்து அதன்படி வைக்க வேண்டும். பொடியையும் திரவத்தையும் கலந்து போடும் ஊசிகளைக் கலந்தவுடனேயே செலுத்திவிட வேண்டும்; கலவை அடியில் படிந்துவிட்டாலோ குப்பியிலேயே சிறிது தங்கிவிட்டாலோ குழந்தைக்குப் போவது முழு அளவாக இருக்காது. நர்ஸ் ஊசி போட்ட பிறகு குப்பியின் அடியில் வெள்ளையாக ஏதேனும் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது சந்தேகம் ஆகாது. அதுவும் கண்காணிப்பின் ஒரு பகுதியே. ஊசி போட்ட இடத்தில் கட்டி போலத் திரண்டு, சிவந்து, சீழ் போல உருவானால் படம் எடுத்து வைத்துக்கொண்டு தெரிவியுங்கள். கிருமி இல்லாமலேயே இவ்வாறு கட்டி வருவதுண்டு. அப்போது மருந்து ரத்தத்தில் சரியாகக் கலக்காமல் சிகிச்சை பலனின்றிப் போகலாம்.

முதல் இரண்டு மாதங்கள்

மருந்து முதலில் பிட்யூட்டரியைத் தூண்டிவிட்டுத்தான் பிறகு அடக்குகிறது. அதனால் முதல் ஊசிக்குப் பின் சில வாரங்கள் அறிகுறிகள் சற்றுக் கூடியதைப் போலத் தோன்றலாம். கருப்பையின் உட்சுவர் ஏற்கெனவே தடித்திருந்த பெண் குழந்தைகளுக்கு, ஹார்மோன் அளவு இறங்கும்போது சில நாட்கள் ரத்தப்போக்கும் வரலாம். இதைப் பற்றி முன்னதாகவே தெரியாத குடும்பங்களில் பெரிய குழப்பம் நேர்கிறது. பாட்டியும் அத்தையும் பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்று முடிவுகட்டி, தாய்மாமனுக்குச் சொல்லியனுப்பி, தண்ணீர் ஊற்றும் நாள் குறித்துவிடுகிறார்கள்; அல்லது ஊசி வேலை செய்யவில்லை என்று அடுத்த ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். முதல் ஊசிக்குப் பின் வரும் இத்தகைய ரத்தப்போக்கு பெரும்பாலும் ஒருமுறையோடு நின்றுவிடும். தொடங்கிய தேதியையும் எத்தனை நாள் நீடித்தது என்பதையும் எழுதி, மருத்துவரிடம் தொலைபேசியில் தெரிவித்துவிட்டு, இரண்டாவது ஊசியைக் குறித்த நாளில் போடுங்கள். இரண்டு மாதம் கடந்த பிறகு ரத்தப்போக்கு வந்தால்தான் அது சிகிச்சை போதவில்லை என்பதற்கான அறிகுறியாகக் கருதப்பட்டு மறுபரிசோதனை தேவைப்படும்.

உயரத்தை அளப்பது

ரத்தப் பரிசோதனைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் நாம், சுவரில் பொருத்திய அளவுப் பலகைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு மரியாதை கூடத் தருவதில்லை. என் கணிப்பில், இந்தச் சிகிச்சையின் போக்கை மிக நேர்மையாகச் சொல்வது அந்தப் பலகைதான். செருப்பையும் சாக்ஸையும் கழற்றி, உச்சிக்கொண்டையும் கிளிப்பும் இல்லாமல் முடியைத் தளர்த்தி, குதிகால், புட்டம், முதுகு மூன்றும் பலகையைத் தொடும்படி நிறுத்தி, பார்வை நேராக இருக்கும்போது அளக்க வேண்டும். காலையில் இருக்கும் உயரம் மாலைக்குள் சிறிது குறைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், கூடுமானவரை ஒரே பலகையில், மூன்று முறை அளந்து சராசரியை எழுதுங்கள்.

வளர்ச்சி வேகம் என்பது ஓர் ஆண்டுக்கு எத்தனை செ.மீ. என்ற கணக்கு. ஜனவரி 10 அன்று 128.4, ஜூலை 10 அன்று 131.4 என்றால் ஆறு மாதத்தில் 3 செ.மீ.; அதை 6-ஆல் வகுத்து 12-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 6 செ.மீ. மூன்று மாத இடைவெளியில் இந்தக் கணக்கைப் போடுவது ஆபத்தானது. அளப்பதில் அரை செ.மீ. பிழை நேர்ந்தால் ஆண்டுக் கணக்கில் அது 2 செ.மீ. பிழையாகப் பெருகிவிடும், இல்லாத ஒரு பிரச்சினைக்காகக் குழந்தையைப் பரிசோதனைக்கூடத்துக்கு அழைத்துச் செல்ல நேரும். அளவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுங்கள். வேகத்தை ஆறு மாதத்துக்குக் குறையாத இடைவெளியில் கணக்கிடுங்கள்.

சிகிச்சைக்கு முன் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தை, ஊசி தொடங்கிய பின் ஆண்டுக்கு 4 முதல் 6 செ.மீ. வரை வளரும் நிலைக்கு இறங்குவது எதிர்பார்க்கப்படுவதே. பெற்றோர்க்கு இதை ஏற்றுக்கொள்வது கடினம். உயரத்துக்காகப் போடும் ஊசி உயரத்தையே குறைத்துவிட்டதே என்று கேட்கிறார்கள். எலும்பின் முனைகள் மூடிக்கொள்வது தள்ளிப்போவதால் வளர்வதற்கான ஆண்டுகள் கூடுகின்றன. பலன் அந்தக் கூடுதல் ஆண்டுகளில்தான் சேர்கிறது. ஆனால் வேகம் ஆண்டுக்கு 4 செ.மீ.க்கும் கீழே போய்விட்டால் தைராய்டு முதலிய பிற காரணங்களைப் பார்க்க வேண்டும். எலும்பு வயது ஏற்கெனவே மிகவும் முன்னேறிவிட்ட குழந்தைகளில் வேகம் இயல்பாகவே குறைவாக இருக்கும் என்பதையும் அப்போது கணக்கில் கொள்ள வேண்டும்.

எடையையும் உடன் எழுதி, இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கத்தின் 2015-ஆம் ஆண்டு வளர்ச்சி வரைபடத்தில் இரண்டையும் புள்ளியிட்டு வாருங்கள். உயர வேகம் குறைந்திருக்கும் காலத்தில் எடை மட்டும் பழைய வேகத்தில் ஏறினால் வரைபடத்தில் அது உடனே கண்ணில் படும்.

உடல் மாற்றங்களில் எது பொருட்டு, எது பொருட்டல்ல

சிகிச்சை சரியாக நடந்தால் முதல் ஆறு மாதத்துக்குள் மார்பு வளர்ச்சி நின்றுவிடும், அல்லது மென்மையாகிச் சிறிது குறையும். ஆண் குழந்தைக்கு விதையின் அளவு கூடுவது நிற்கும். அதே வேளையில் அக்குளிலும் பிறப்புறுப்புப் பகுதியிலும் ரோமம் கூடுவதும், வியர்வை வாடை வருவதும், முகப்பரு தோன்றுவதும் அட்ரினல் சுரப்பியின் வேலை. அதை இந்த ஊசி தடுப்பதில்லை. ரோமம் கூடியதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவு செய்வது மிகப் பரவலான தவறு. மார்பும் விதையும் மீண்டும் வளர்வது, வளர்ச்சி வேகம் திடீரென்று கூடுவது, ரத்தப்போக்கு வருவது ஆகியவையே பொருட்படுத்த வேண்டியவை.

வீட்டில் வாராவாரம் குழந்தையின் உடலைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். குளிக்கும்போது தாயின் கண்ணில் இயல்பாகப் படுவது போதும். மருத்துவமனையிலும் பரிசோதனைக்கு முன் குழந்தையிடம் சொல்லி, சம்மதம் பெற்று, தாயோ நம்பிக்கையான ஒருவரோ உடனிருக்கும்போதே பார்க்கும்படி கேளுங்கள். ஏழு வயதுக் குழந்தைக்கும் கூச்சம் உண்டு.

ரத்தப் பரிசோதனையைப் படிப்பது

எல்லோரும் அடிக்கடி எடுக்க விரும்புவது எல்.எச். பரிசோதனை, அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. சிகிச்சை பெறும் குழந்தைக்கு ஏதோ ஒரு நாளில் எடுத்த எல்.எச். அளவு, பருவமடையாத குழந்தைகளுக்குரிய 0.3 ஐ.யு./லிட்டர் என்ற வரம்பைத் தாண்டி இருக்கலாம். அப்போதும் சுரப்பி நன்றாகவே அடங்கியிருக்கக்கூடும். அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஊசியின் அளவைக் கூட்டும்படி மருத்துவரை நெருக்குவது சரியன்று. தெளிவான விடை தருவது, ஊசி போட்டபின் 30 நிமிடம் முதல் 2 மணி நேரத்துக்குள் எடுக்கும் ரத்தம். ஊசியிலிருந்து உடனே வெளிப்படும் மருந்தே பிட்யூட்டரியைத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனையாக அமைந்துவிடுகிறது. அப்போது எல்.எச். 4 ஐ.யு./லிட்டருக்குக் கீழே இருந்தால் பொதுவாக அடக்கம் போதுமானது என்று கொள்வார்கள். மருந்து, ஆய்வுமுறை ஆகியவற்றைப் பொறுத்து இந்த எல்லை சற்று மாறும். ஆகவே ஊசி போட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம் இரண்டையும் நிமிடக் கணக்கில் எழுதுங்கள். காலை 10.10-க்கு ஊசி, 11.10-க்கு ரத்தம் என்று குறிப்பிருந்தால் அந்த அறிக்கைக்குப் பொருள் உண்டு. தேதி மட்டும் இருந்தால் யாரும் அதை நம்பிப் படிக்க இயலாது.

ஒரே பரிசோதனைக்கூடத்தில் எடுப்பது நல்லது. முடி வளர்வதற்காக பயோட்டின் மாத்திரை கொடுப்பவர்கள் அதை மருத்துவரிடமும் பரிசோதனைக்கூடத்திலும் சொல்ல வேண்டும். சில ஆய்வுமுறைகளில் அது எல்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்தும் எஸ்ட்ரடயால் அளவைப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். வளர்ச்சி வேகமும் உடல் அறிகுறிகளும் அடங்கியிருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு வருகையிலும் ரத்தம் எடுக்கத் தேவையில்லை.

எலும்பு வயது

ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். எலும்பு வயது எவ்வளவு என்பதைவிட, எவ்வளவு காலத்தில் எவ்வளவு கூடியது என்பதே முக்கியம். சிகிச்சை தொடங்கியபோது 7 வயது 2 மாதம் ஆன சிறுமிக்கு எலும்பு வயது 9 ஆண்டு 6 மாதம் என்றும், ஓராண்டு கழித்து 10 ஆண்டு என்றும் இருந்தால், 12 மாதத்தில் எலும்பு 6 மாதம் மட்டுமே முதிர்ந்திருக்கிறது. ஆண்டுக்கு ஓராண்டுக்கும் குறைவாக எலும்பு முதிர்வதுதான் சிகிச்சை நன்றாகப் போகிறது என்பதன் அடையாளம். இரு மருத்துவர்கள் ஒரே படத்தைப் பார்த்துப் பல மாத வித்தியாசத்தில் கணிப்பதுண்டு. அதனால் அறிக்கைத் தாளை மட்டுமல்லாமல் எக்ஸ்ரே படத்தையும் பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் வரும்போது பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து ஒருவரே பார்த்தால் தீர்ந்துவிடும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நேரங்கள்

தலைவலியும் உடல் சூடாவது போன்ற உணர்வும் சில குழந்தைகளுக்கு வந்து போகும். ஆனால் விடாத தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல், பொருள்கள் இரண்டாகத் தெரிவது ஆகியவை சேர்ந்தால் மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடியிருக்கக்கூடும். அரிதானது என்றாலும் 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை எச்சரிக்கையாகவே சேர்த்தது. கண் மருத்துவர் கண்ணின் பின்புறத்தைப் பரிசோதித்து உறுதிசெய்வார். இடுப்பிலோ முழங்காலிலோ வலி வந்து குழந்தை நொண்டினால் தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், இதுவும் அரிது. வலிப்பு வந்தால் தாமதிக்கலாகாது. காரணமற்ற அழுகை, எரிச்சல், மூர்க்கம் ஆகியவை புதிதாகத் தோன்றினால் அவை எந்த ஊசிக்குப் பின் தொடங்கின என்று தேதியோடு எழுதிக் காட்டுங்கள்.

சிகிச்சைக் காலத்தில் எலும்பின் அடர்த்தி வயதுக்குரிய வேகத்தில் கூடாமல் இருக்கலாம். ஊசியை நிறுத்திய பின் அது ஈடாகிவிடுகிறது. பாலும் தயிரும் கேழ்வரகும் எள்ளும் தவறாமல் கொடுத்து, தினமும் வெயிலில் ஓடியாட விட்டு, வைட்டமின் டி குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள்.

எப்போது நிறுத்துவது, அதன் பின் என்ன பார்ப்பது

நிறுத்தும் நாளுக்கு ஒரே விதி கிடையாது. பெண் குழந்தைக்கு வயது 11-ஐ ஒட்டியும் எலும்பு வயது 12 முதல் 12.5 வரையிலும் வரும்போது பேச்சு தொடங்கும். ஆண் குழந்தைக்கு எலும்பு வயது 13-ஐ ஒட்டி. எட்டிய உயரம், இனி எட்டக்கூடிய உயரம், தோழிகள் பருவமடையத் தொடங்கிவிட்டார்களா, குழந்தை என்ன விரும்புகிறாள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். இன்னும் ஓராண்டு போட்டால் இன்னும் இரண்டு செ.மீ. கிடைக்காதா என்று பெற்றோர் கேட்பதைப் பார்க்கிறோம். எலும்பு வயது அந்த எல்லையைக் கடந்தபின் ஊசியைத் தொடர்வதால் உயரத்தில் கிடைப்பது மிகக் குறைவு. 6 வயதுக்கு முன் தொடங்கும் பெண் குழந்தைகளுக்கே உயரத்தில் பலன் அதிகம். 8 வயதை நெருங்கித் தொடங்குபவர்களுக்கு அது குறைவு என்பதைத் தொடக்கத்திலேயே மருத்துவர் சொல்லியிருந்தால் இந்த இழுபறி நேராது.

இந்த ஊசி போட்டால் பின்னாளில் குழந்தை பிறக்காது என்ற அச்சம் நம் வீடுகளில் வலுவாக இருக்கிறது. இதுவரையிலான தொடர் ஆய்வுகள் அவ்வாறு காட்டவில்லை. ஊசியை நிறுத்திய சில மாதங்களில் பிட்யூட்டரி மீண்டும் இயங்கத் தொடங்குகிறது. மாதவிடாய் சராசரியாக 16 மாதம் அளவில் வருகிறது, சிலருக்கு முன்னதாகவும் சிலருக்குப் பிந்தியும். அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடை, பருவ வளர்ச்சியின் நிலை ஆகியவற்றைப் பார்த்து வர வேண்டும். மாதவிடாய் வந்த தேதியையும் அதன் பின் ஓராண்டுச் சுழற்சிகளையும் அதே குறிப்பேட்டில் எழுதுங்கள். நிறுத்தி 2 ஆண்டு கடந்தும் மாதவிடாய் வராவிட்டால், வேறு மருத்துவரிடம் புதிதாகத் தொடங்காமல், ஊசித் தேதிகள், எக்ஸ்ரே படங்கள், ரத்த அறிக்கைகள் அடங்கிய அந்த ஃபைலோடு சிகிச்சை அளித்த நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடமே காட்டுங்கள்.